வீட்டிலேயே மேப்பிள் சிரப்: பதம் பார்த்து இறக்குங்கள்

கனடாவில் வீட்டுப் பின்புறம் சுகர் மேப்பிள் மரம் இருந்தால் மார்ச் மாதத்தை விட்டுவிடாதீர்கள். அந்த மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் இனிப்புப் பாகுதான் மேப்பிள் சிரப். இரவில் உறைபனி, பகலில் பூஜ்ஜியத்துக்கு மேல் சூடு என்று மாறி மாறி வந்தால்தான் சாறு ஓடும். அடிமரம் 30 செ.மீ. குறுக்களவாவது இருக்கட்டும். சற்றே மேல்நோக்கி 4 செ.மீ. ஆழம் துளைத்து, குழாய் செருகி வாளியை மாட்டுங்கள்.

சாறு வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப். அத்தனை ஆவியும் சமையலறைக்குள் வேண்டாம், சுவரெல்லாம் பிசுபிசுக்கும். வெளியே அடுப்பு வையுங்கள். கடைசிக் கட்டம் மட்டும் உள்ளே, கண்ணை எடுக்காமல். பொங்கி வந்தால் ஒரு துளி வெண்ணெய் போடுங்கள், சட்டென்று அடங்கும்.

தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் கூடியதும் இறக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா? கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழாமல், விளிம்பில் ஒன்றுசேர்ந்து ஏடு போலத் தொங்கினால் பதம் சரி. அதையும் தாண்டினால் போத்தலின் அடியில் கற்கண்டு கட்டும். சூட்டோடு துணியில் வடிகட்டிப் போத்தலில் அடைத்துவிடுங்கள்.

அப்புறம், மரத்தில் மொட்டு விரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். சாற்றின் ருசி கெட்டுவிடும்.