பிள்ளை பிறக்கும் முன்பே பேசி வைக்க வேண்டியவை

முதல் பிள்ளையை எதிர்பார்க்கும் தம்பதியர், தொட்டிலும் தள்ளுவண்டியும் வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது, பிள்ளை வந்தபின் வீட்டில் யார் எதைச் செய்வது, யாருக்கு எது தாங்காது என்று பேசுவதில் காட்ட வேண்டும். வளைகாப்பு முடிந்த ஏழாம் மாதமே அதற்கு ஏற்ற காலம்; ஒன்பதாம் மாதத்தில் அசதியும் மருத்துவமனை அலைச்சலும் பேச விடமாட்டா.

முதலில் இரவைப் பற்றிப் பேசுங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும் என்பதால், தாய்க்குச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் உறங்கக் கிடைப்பதே அரிது; உறக்கம் கெட்ட மனத்தில் சின்னச் சொல்லும் சுருக்கென்று தைக்கும். ஏப்பம் எடுக்கவைப்பது, அணையாடை மாற்றுவது, தோளில் போட்டு உறங்கவைப்பது எல்லாம் தந்தையால் முடியும். “கூப்பிடு, எழுந்துவருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் படுத்தால், கூப்பிடும் வேலையும் அவள் தலையில்தான் விழும். ஆகவே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தம் பொறுப்பு என்பதைக் கணவரே சொல்லிவிட வேண்டும்.

விடுப்பையும் இதே கணக்கில் பாருங்கள். சிங்கப்பூரில் 2025 ஏப்ரல் 1 முதல் தகுதிபெறும் தந்தையருக்கு அரசாங்கச் சம்பளத்துடன் 4 வார விடுப்பு உண்டு; 2026 ஏப்ரல் 1 முதல் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு 10 வாரம். வீடு நிறைய ஆள் இருக்கும் முதல் மாதத்திலேயே அனைத்தையும் தீர்த்துவிடாமல், முதலாளியின் இணக்கத்தோடு ஒரு பகுதியை, ஊரிலிருந்து வந்த அம்மா திரும்பிப்போகும் வாரத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. தாய் முதன்முதலாகத் தனித்து நிற்கும் வாரம் அதுதான்.

எல்லாவற்றிலும் கடினமானது பெரியவர்களைப் பற்றிய பேச்சு. பலரும் தவிர்ப்பதும் அதையே. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நான்கறை வீட்டில் இரண்டு பாட்டிகளும் ஒரு பச்சைக் குழந்தையும் இருந்தால், பத்தியச் சாப்பாடு முதல் குளிப்பாட்டும் நேரம் வரை எதிலும் இரண்டு கருத்துகள் எழும். பூண்டுக் குழம்பும் எண்ணெய்க் குளியலும் அன்பால் வருபவை. அவற்றை மதித்து ஏற்பதில் தவறில்லை. ஆனால் மாலையில் பிள்ளை ஓயாமல் அழும்போது, அடுப்படியிலிருந்து “பால் பத்தலையோ என்னவோ” என்று ஒரு குரல் வரும். சொன்னவர் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். கேட்டவள் இரவு முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். அவரவர் தாயிடம் அவரவரே பேசுவது, மருமகளையோ மருமகனையோ முன்னே தள்ளாதிருப்பது என்ற உடன்பாடு பிரசவத்துக்கு முன்பே வேண்டும். பார்க்க வருபவர்களுக்கு நேரம் குறிப்பதும் அந்த உடன்பாட்டில் சேரட்டும்.

பிரசவமான சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, பிள்ளையைத் தூக்கவே மனம் வராவிட்டாலோ, பிள்ளை உறங்கியும் தாய்க்கு உறக்கம் வராவிட்டாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். பெற்றவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருகிற நோய் இது, தந்தையரையும் தாக்கும். “எல்லாரும் பெத்தவங்கதானே” என்று யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். பலதுறை மருந்தக மருத்துவரிடமோ பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ வெளிப்படையாகச் சொல்லுங்கள். அறிகுறியை முதலில் கவனிப்பவர் மருத்துவரிடம் பேசலாம் என்ற அனுமதியை இருவரும் இப்போதே கொடுத்துக்கொள்ளுங்கள். சோர்ந்துபோனவருக்குத் தமக்காகப் பேசவும் தெம்பிருக்காது.

மனம் தாளாத இரவில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 1767 என்ற எண்ணையோ எந்த நேரமும் அழைக்கலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதேனும் செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தாலோ, யாரும் பேசாதபோதும் தாய்க்குக் குரல்கள் கேட்டாலோ, அவரைத் தனியே விடாமல் உடனே அவசர மருத்துவ வாகனத்துக்கான 995ஐ அழையுங்கள்.