குதிக்கத் தெரிந்தவருக்கு இறங்கத் தெரிகிறதா? கூடைப்பந்து வீரர்களின் உடற்தகுதிப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கம் புதிதாகத் திறக்கும் ஜிம்களின் பெயர்ப் பலகையில் ‘ஃபங்ஷனல் டிரெய்னிங்’, அதாவது செயல்சார் பயிற்சி, என்ற சொல்லை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. உள்ளே லாரி டயர், தடித்த கயிறு, ரப்பர்ப் பட்டை, பந்தைப் பாதியாக அறுத்து வைத்தாற்போன்ற போசு எல்லாம் இருக்கின்றன. பள்ளி அணியில் கூடைப்பந்து ஆடும் பையனோ பெண்ணோ அங்கே மூன்று மாதம் வியர்வை சிந்திய பிறகும், ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கால் கனத்துப்போய் நிற்பதுண்டு. செயல்சார் பயிற்சியை அடையாளம் காட்டுவது கருவியன்று, ஆட்டம் உடலிடம் கேட்கும் வேலைதான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வேலை என்ன? 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. பந்து அணியின் கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். ஏறத்தாழ இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை அசைவு மாறிக்கொண்டே இருக்கும்: ஓட்டம், சட்டென்று நிற்றல், பக்கவாட்டில் காலை நகர்த்தி ஓடும் ஷஃபிள், வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்டு) பிடிக்க எழும்புதல், இறங்குதல், தோளால் இடம் பிடித்தல். இவற்றில் நிற்பதும் இறங்குவதும்தான் காலைக் கெடுப்பவை. நம் ஊர்ப் பயிற்சிகளில் மிகக் குறைவாகக் கற்றுத்தரப்படுபவையும் அவையே.

முதலில் போசுவைப் பற்றிச் சொல்லிவிடலாம். அதன்மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு டம்பெல் தூக்குவது பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். கைபேசியில் படம் பிடித்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் ஆடுகளத்தின் தரை ஆடுவதில்லை. தள்ளாடும் பரப்பில் நிற்கும் கால் தன் முழு விசையையும் தரையில் செலுத்த முடியாது. ஆகவே அங்கே வலிமை பெரிதாக வளராது. கணுக்கால் சுளுக்கிலிருந்து மீள்பவருக்கு அது உதவும். மற்றவர்கள் கெட்டியான தரையில் ஸ்குவாட் (அமர்ந்து எழுதல்), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்தல்) ஆகியவற்றைச் சரியான நிலையில் பழகி, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே மேல். வடசென்னையின் பழைய தேகப்பயிற்சி நிலையங்களில் பழகிய தண்டால், உட்கார்ந்து எழும் பஸ்கி, கரலாக்கட்டை ஆகியவையும் கேலிக்குரியவை அல்ல. உடலைச் சுற்றிச் சுழலும் கரலாக்கட்டை தோளுக்கும் இடுப்புக்கும் தரும் வேலையைப் பல இயந்திரங்கள் தருவதில்லை. ஆனால் முந்நூறு பஸ்கி போட்டால் வலிமை வந்துவிடும் என்ற எண்ணம் தவறு. அது தாங்குதிறனைத்தான் வளர்க்கும். மேலும் பஸ்கி இரு காலில் போடுவது, வளையத்தை நெருங்கி ஓடிவந்து பந்தைப் போடும் லே-அப் ஒற்றைக் காலில் எழும்புவது. ஆதலால் ஒரு காலைப் பின்னால் பெஞ்சின்மேல் வைத்து மறுகாலால் அமர்ந்து எழும் பயிற்சியை வாரத்தில் இரு நாளாவது சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குதிப்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் எல்லாருக்கும் உயரக் குதிக்க ஆசை. பெட்டிமேல் தாவும் பயிற்சியை நூறு முறை செய்வார்கள். இறங்கும்போது என்ன நடக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ரீபவுண்டு எடுத்துத் தரையைத் தொடும் கணத்தில் உடல் எடையைப் போல் பல மடங்கு விசை காலில் ஏறுகிறது. அப்போது இடுப்பும் முழங்காலும் மடங்காமல் விறைத்து நின்றாலோ, முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தாலோ, ஏசிஎல் என்று ஆட்டக்காரர்கள் அச்சத்தோடு குறிப்பிடும், முழங்காலுக்குள் இருக்கும் முன்குறுக்குத் தசைநார் கிழியலாம். எதிராளி மோதாமலே, தனியாக இறங்கும்போதும் திரும்பும்போதும்தான் இக்காயம் பெரும்பாலும் நேர்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இதன் ஆபத்து அதிகம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படிக்கும் ஒரு பெண்ணுக்கு ஒன்பது மாதம் என்றால் விளையாட்டு ஒதுக்கீடே கைநழுவிப் போகலாம்.

இறங்கக் கற்பதற்குச் செலவு ஏதுமில்லை. முழங்காலுக்குக் கீழான உயரமுள்ள ஒரு படியிலிருந்து கீழே காலடி வைத்து இரு காலிலும் இறங்கி, மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும். சத்தம் கேட்கக் கூடாது. ‘தொப்’ என்று கேட்டால் இடுப்பு மடங்கவில்லை என்று பொருள். முழங்கால் கால்விரல்களின் திசையிலேயே இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் இது கைவந்த பின் ஒற்றைக் காலில் இறங்கலாம். அதன் பின் இறங்கும் நேரத்தில் தோழர் ஒருவர் தோளில் இலேசாகத் தள்ள, கடைசியில் கையில் பந்தோடு. இந்த வரிசையைத் தாண்டி முதல் நாளே உயரமான பெட்டியிலிருந்து குதிக்க வைப்பவரைக் கண்டால் நான் நம்ப மாட்டேன். நம் பக்கத்துக் களங்களில் பெரும்பாலானவை திறந்தவெளி சிமென்ட் தரைகள். மரத்தளத்தின் துள்ளல் அவற்றில் இல்லை, புழுதி படிந்தால் வழுக்கவும் செய்யும். ஆட்டத்துக்கு முன் களத்தைப் பெருக்குவதும், அடி தேய்ந்த ஷூவை மாற்றுவதும் இந்தப் பயிற்சியின் பகுதிகளே. அண்ணனுடைய பழைய ஷூவில் துணி திணித்து ஆடும் பிள்ளைகளின் குடும்ப நிலை புரிகிறது. ஆனாலும் ஜிம் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஷூ வாங்குவதுதான் அறிவு.

அடுத்தது ஓட்டம். “மைதானத்தைப் பத்து ரவுண்டு ஓடு” என்பது பி.டி. மாஸ்டர்களின் பழைய கட்டளை. ஒரு முழு ஆட்டத்தில் வீரர் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுவது உண்மை; ஆனால் அது சிறுசிறு துண்டுகளாக வருகிறது. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடுவது சீசன் தொடங்கும் முன் அடித்தளம் போடுவதற்கு நல்லது. அதையே ஆண்டு முழுவதும் செய்தால், நின்று திரும்பி மறுபடி பாயும் திறன் வளராது. எல்லைக்கோட்டிலிருந்து எல்லைக்கோட்டுக்கு ஓடி, கோட்டைத் தொட்டுத் திரும்பும் லைன் டச் ஓட்டம் 15 முதல் 30 விநாடி, பிறகு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓய்வு, இப்படி ஆறு முதல் பத்து முறை என்பது ஆட்டத்துக்கு நெருக்கமானது. அதிலும் கோட்டில் எப்படி நிற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்: இடுப்பைத் தாழ்த்தி, கடைசி இரண்டு மூன்று அடிகளைச் சுருக்கி நிற்பவர் முழங்காலைக் காப்பாற்றிக்கொள்கிறார். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரம் பெரும்பாலும் கருங்கல் கொட்டிய கரை என்பதால், மணலில் ஓட மெரினாவுக்குப் பஸ் ஏறுபவர்கள் உண்டு. மணல் காலை விரைவில் களைக்கச் செய்யும். சட்டென்று நிற்கக் கற்றுத்தராது.

கணுக்கால் சுளுக்கு இவ்வாட்டத்தில் மிகச் சாதாரணமாக நேரும் காயம். சாதாரணமானது என்பதாலேயே அலட்சியப்படுத்தப்படுகிறது. எண்ணெய் தேய்த்து வழித்துக் கட்டுப் போட்டு, வீக்கம் வற்றியதும் ஐந்தாம் நாள் களத்தில் இறங்கிவிடுவார்கள். ஒரு முறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம், ஏனெனில் சமநிலையை உணரும் திறனும் அதைச் சுற்றிய தசைகளும் வீக்கத்தோடு சேர்ந்து தாமாகச் சரியாவதில்லை. அடிபட்டதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, யாரையும் வழிக்க விடாமல் வடசென்னையின் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். எலும்புமுறிவு இல்லை என்று தெரிந்தபின் ஒற்றைக் காலில் நிற்றல், குதிகாலை உயர்த்தி இறக்கல், பிறகு ஒற்றைக் கால் தாவல் என்று படிப்படியாக வர வேண்டும். சுவரின் முன் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் இருக்கும்போதும் தொட முடிந்தால் மடங்கும் அளவு போதுமானது. இரு கால்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் அது இன்னும் ஆறவில்லை.

சுமை பற்றிய தவறு வீட்டாரையும் சேர்த்தது. காலையில் பள்ளி அணி, மாலையில் கிளப், ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட், இடையே தெருவில் கால்பந்து. மே மாதக் கோடை முகாமில் இது இரட்டிப்பாகும். முழங்கால் சில்லுக்குக் கீழே வலி தொடங்குவது பெரும்பாலும் இப்படித் திடீரென்று தாவல்களின் எண்ணிக்கை ஏறிய சில வாரங்களில்தான். வளரும் வயதில் அங்கே எலும்பு புடைத்து வலிப்பதும் உண்டு. வலியோடு முழுமையாக ஆடுவதும் தவறு, மூன்று மாதம் படுத்துவிடுவதும் தவறு. தாவல்களைக் குறைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வதுபோல் 45 விநாடி நிற்கும் பயிற்சியைச் சிலமுறை செய்தால் பலருக்கு வலி தணிகிறது. தணியாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும்.

ஆட்டத்துக்குச் சற்று முன் தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்பது குதிக்கும் விசையைச் சிறிது குறைக்கும். அதை ஆட்டத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு வருவதும் வேண்டாம். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை எளிதில் காயாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். அறுபது கிலோ உள்ளவர் ஒன்றேகால் கிலோ இழந்தாலே ஆட்டம் தளரத் தொடங்கும். உப்புப் போட்ட நீர்மோர் போதும், வண்ணப் புட்டிகள் தேவையில்லை.

மாதத்துக்கு ஒரு முறை, முன்புறமிருந்து கைபேசியில் ஒற்றைக் கால் இறக்கத்தைப் படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்டம் முடிந்து களைத்த நிலையிலும் ஒரு முறை எடுக்க வேண்டும். முழங்கால் உள்ளே சாய்வது பெரும்பாலும் அந்தப் படத்தில்தான் தெரியும்.