தனித்தனியாக ஓடியது, சேர்த்தால் ஓடவில்லை

சென்ற செமஸ்டரின் கடைசி வாரத்தில் ஒரு மாணவர் குழு என் மேசை முன்னால் வந்து நின்றது. ஆறு பேர், நான்கு துறைகள். உற்பத்தி வரிசையில் நகரும் பாகங்களில் கீறல் விழுந்திருக்கிறதா என்று கேமரா மூலம் கண்டுபிடிக்கும் கருவி அவர்களுடைய திட்டம். தன் நிரல் சோதனைப் படங்களில் ஒரு கீறலைக்கூடத் தவறவிடவில்லை என்றார் கணினித் துறை மாணவி. இயந்திரவியல் மாணவர் கேமராவைத் தாங்கும் சட்டத்தை இழைத்து இழைத்துச் செய்திருந்தார். "இரண்டையும் சேர்த்து, ஓடும் வரிசையில் மாட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்த்தேன்.

நிறுவனம் ஒன்று கேட்கும் கருவியைப் பல துறை மாணவர்கள் சேர்ந்து செய்யும் இத்தகைய குழுவில் படிக்கும்போது நானும் இருந்தேன். பிறகு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது மாணவர் குழுக்களை எதிர்ப்பக்கத்திலிருந்து சந்தித்தேன். இப்போது வழிகாட்டியாக நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்குத் தாமதமாக வராதீர்கள், மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரிந்தே செய்யும் தவறுகள். நான் சொல்ல வருபவை, செய்யும்போது கெட்டிக்காரத்தனமாகவே தோன்றும் தவறுகள்.

துறைவாரியாகப் பங்குபோட்டு, கடைசியில் ஒட்டுவது

எல்லாவற்றிலும் விலை கூடியது இதுதான். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

முதல் கூட்டத்திலேயே இது நடந்துவிடும். "நீ மின்னணுவியலா, சர்க்யூட் உன்னுடையது. நீ இயந்திரவியல், பெட்டி உன்னுடையது. செயலி அவனுக்கு. செலவுக் கணக்கும் அறிக்கையும் மேலாண்மைக்காரிக்கு." பத்து நிமிடத்தில் வேலை பிரிந்துவிடும். எல்லோருக்கும் நிம்மதி. தனக்குத் தெரிந்ததைத் தன் அறையில் உட்கார்ந்து செய்யலாம், மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் குழுவிலும் அதே நிம்மதி இருந்தது. குளிர்சாதனக் கிடங்குகளில் வெப்பநிலையைக் கண்காணித்து, கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் கருவியைச் செய்யச் சொல்லியிருந்தது கூட்டாளி நிறுவனம். தள்ளுவண்டிகள் மோதும் இடம், பெட்டி உறுதியாக இருக்க வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். பெட்டி என் பொறுப்பு. அலுமினியத்தில் செய்தேன். மூடிக்கு ரப்பர் வளையம், தண்ணீர் புகாது, ஓங்கி அடித்தாலும் நெளியாது. இன்றும் சொல்வேன், நல்ல பெட்டி.

எட்டு மாதத் திட்டத்தில் ஆறு நாள் மீதி இருந்தபோது சர்க்யூட் பலகையை முதல்முறையாக அதற்குள் வைத்து மூடியைத் திருகினோம். சிக்னல் செத்துவிட்டது. மூடியைத் திறந்தால் வருகிறது, மூடினால் போகிறது. ஆன்டெனாவைச் சுற்றிலும் உலோகத்தால் அடைத்தால் ரேடியோ அலை வெளியே வராது. இது எங்கள் மின்னணுவியல் நண்பனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பெட்டி அலுமினியம் என்பது எனக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் எட்டு மாதங்களாக ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறைகளில் தூங்கிக்கொண்டிருந்தன.

அது மட்டுமா? பேட்டரியை மிச்சப்படுத்த மின்னணுவியல் நண்பன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பினான். செயலி எழுதியவனோ பத்து நொடியில் தகவல் வராவிட்டால் கருவி பழுது என்று சிவப்பு விளக்குக் காட்டும்படி எழுதியிருந்தான். மேலாண்மைத் தோழி, பேட்டரி அட்டையில் அச்சிட்டிருந்த கொள்ளளவை அப்படியே எடுத்து ஆயுட்காலம் கணக்கிட்டிருந்தாள். கடுங்குளிரில் பேட்டரி அந்த அளவு தராது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. யாருடைய வேலையிலும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் எரிச்சல். இரண்டு வேலைகள் தொடும் இடம் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

பெட்டியின் பக்கத்தை அறுத்துப் பிளாஸ்டிக் தகடு ஒட்டி, நாடா சுற்றிக் கொண்டுபோனோம். நிறுவனத்தின் மூத்த பொறியாளர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதைக் குளிர் அறைக்குள் வைத்துப் பார்த்தீர்களா?" அந்த ஒரு கேள்விதான். மறு ஆண்டு அந்த நிறுவனம் எங்கள் துறைக்குத் திட்டம் எதுவும் தரவில்லை.

மாணவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கான மின்கம்பித் தொகுதிகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாராகி பிரான்சின் துலூஸில் பொருத்தப்பட வந்தபோது பல இடங்களில் நீளம் போதவில்லை. கேட்டியா (CATIA) என்ற ஒரே வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பை ஒரு தரப்பும் ஐந்தாம் பதிப்பை மறுதரப்பும் பயன்படுத்தியது அதற்கு முக்கியக் காரணம். 2006இல் அந்தத் திட்டம் அடுத்தடுத்துத் தாமதங்களை அறிவித்தது. முதல் விமானம் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2007 அக்டோபரில்தான். ஓர் அமைப்புக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்களோ, அது உருவாக்கும் பொருளும் அதே சாயலில்தான் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968லேயே எழுதினார். எங்கள் கருவியைப் பார்த்தாலே எங்கள் குழுவில் யார் யாரோடு பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

பழியைப் பல்கலைக்கழகத்தின் மீதும் கொஞ்சம் போட வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் மாணவருக்குத் தன் அளவுகோலால் மதிப்பெண் போடுகிறது. இயந்திரவியல் பேராசிரியர் பெட்டியைப் பார்ப்பார், மின்னணுவியல் பேராசிரியர் பலகையைப் பார்ப்பார். எனக்குப் பெட்டிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது! ஓடாத கருவிக்கு நான்கு பேரும் நல்ல மதிப்பெண் வாங்கினோம்.

சரி, வேறு எப்படிச் செய்வது? மூன்றாவது வாரத்திலேயே முழுக் கருவியைச் செய்துவிடுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டி போதும், கடன் வாங்கிய சென்சார் போதும். ஒரே ஓர் எண் சென்சாரில் பிறந்து, காற்றில் போய், திரையில் வந்து விழ வேண்டும். அதன்பிறகு ஒவ்வொருவரும் தன் பகுதியை மேம்படுத்தலாம், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்து ஓட்ட வேண்டும். "இன்னும் தயாராகவில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். தயாராகாததைச் சேர்க்கத்தான் அந்த நாள்.

கூடவே, எந்த இரண்டு பகுதிகள் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு தொடுமிடத்திலும் எது கைமாறுகிறது, எந்த அலகில், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, வராவிட்டால் என்ன செய்வது என்று இருந்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஒருவர் பெயர். "இருவரும் சேர்ந்து" என்று எழுதினால் யாருமே இல்லை என்று பொருள். எங்கள் காலத்தில் இந்த ஒரு பக்கம் இருந்திருந்தால், "பெட்டி, ஆன்டெனா" என்று எழுதிய வரியிலேயே என் அலுமினியம் பிடிபட்டிருக்கும்.

கேமராக் குழுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிரலைப் பழக்கிய படங்கள் எல்லாம் மேசை விளக்கின் கீழ் எடுத்தவை. வரிசையின் மேல் இருந்த விளக்கில் எண்ணெய்ப் பளபளப்பும் கீறலாகத் தெரிந்தது. சட்டம் அதிர்ந்ததில் பாதிப் படங்கள் கலங்கிப்போயின.

ஒரே சொல், நான்கு பொருள்

"லோடு எவ்வளவு?" என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். இயந்திரவியல்காரர் கிலோவில் சொல்வார். மின்னியல்காரர் ஆம்பியரில் சொல்வார். மென்பொருள்காரர் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்பார். மேலாண்மைக்காரர் தனக்கு இருக்கும் வேலையைச் சொல்லிப் புலம்புவார். "மாடல்" என்ற சொல்லும் அப்படித்தான்: ஒருவருக்குச் சமன்பாடு, ஒருவருக்குக் களிமண் உருவம், ஒருவருக்கு வருமானம் வரும் வழி. எல்லோரும் தலையாட்டியபின் கூட்டம் கலைவதுதான் ஆபத்து. சந்தேகம் வந்தால் "இதை எந்த அலகில் அளப்பாய்?" என்று கேளுங்கள். பதில் வந்த உடனே வேறுபாடு வெளியே வந்துவிடும்.

எல்லோருக்கும் தெரிந்ததையே பேசுவது

1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர் தேர்தல் வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழுவினருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சில தகவல்கள் எல்லோரிடமும் இருந்தன, சில ஒருவரிடம் மட்டும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேட்பாளர் தெளிவாகச் சிறந்தவர். ஆனாலும் குழுக்கள் பொதுவாகத் தெரிந்ததைச் சுற்றியே பேசி, பெரும்பாலும் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தன. துறை கலந்த குழுவைக் கூட்டுவதே ஒருவரிடம் மட்டும் இருக்கும் தகவலுக்காகத்தான். அதைத்தான் கூட்டத்தில் யாரும் எடுப்பதில்லை. "இது இவர்களுக்குப் புரியாது" என்றோ "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றோ விழுங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று என் குழுக்களுக்கு விதி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வாரம் அசட்டுச் சிரிப்பாக இருக்கும்.

முதல் தாளை வேதவாக்காக எடுத்துக்கொள்வது

நிறுவனம் தரும் திட்டக் குறிப்பை எழுதியவர் பெரும்பாலும் அந்தக் கருவியைத் தொடப்போகிறவர் அல்லர். தொடப்போகிறவர் யார் என்று கேட்டு, அவருடைய வேலையிடத்தில் அரை நாள் நில்லுங்கள். நாங்கள் போயிருந்தால் கிடங்குக் காவலர் எங்களிடம் ஒன்றைச் சொல்லியிருப்பார்: அவருக்கு வேண்டியிருந்தது கதவு திறந்தே கிடக்கிறதா என்று தெரிந்துகொள்வது.

தரவு வந்துவிடும் என்று நம்புவது

வராது. ரகசியக் காப்பு ஒப்பந்தம், சட்டப் பிரிவு, தகவல் பாதுகாப்புப் பிரிவு எல்லாம் தாண்டி வந்து சேரும்போது செமஸ்டர் பாதி போயிருக்கும். முதல் நாளே கேளுங்கள். வரும்வரை போலித் தரவில் ஓட்டுங்கள்.

ஒரே தொடர்பாளரை நம்புவது

அவருக்கு இடமாற்றம் வரும். இரண்டாவது பெயரையும் வாங்கி வையுங்கள்.

காட்சிக்கு வைத்த பிறகு காப்புரிமை பற்றி யோசிப்பது

திட்டக் கண்காட்சியில் சுவரொட்டி ஒட்டி எல்லோருக்கும் விளக்கியபின், "இதற்குக் காப்புரிமை வாங்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஐரோப்பிய விதிப்படி விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவில் வெளியான கண்டுபிடிப்பு புதியது ஆகாது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும், உரிமை மாணவருக்கா நிறுவனத்துக்கா பல்கலைக்கழகத்துக்கா என்பதைச் சுவரொட்டி அச்சாகும் முன் கேளுங்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம், படித்திருக்க மாட்டீர்கள்.

"இறுதி_புதியது_2" என்று கோப்புக்குப் பெயர் வைப்பது

வேண்டாம்.

மாணவர் கணக்கில் எல்லாவற்றையும் விட்டுப்போவது

பட்டம் வாங்கிய பிறகு பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கு மூடப்படும். நிரல், வரைபடங்கள், சேவையகத்தின் கடவுச்சொல் எல்லாம் அதோடு போகும். நிறுவனத்தில் இருந்தபோது ஒரு மாணவர் குழு செய்த திரையை ஆய்வகச் சுவரில் மாட்டியிருந்தோம். அவர்கள் படிப்பை முடித்துப் போன கோடையில் அதில் எண்கள் நகர்வது நின்றது. ஐந்து பேரையும் தேடிப் பிடித்தேன். கடவுச்சொல் மற்றவரிடம் இருக்கும் என்று ஐந்து பேரும் சொன்னார்கள். நான் வேலையை விட்டு வந்த நாளிலும் அந்தத் திரை அதே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.