விருந்துக்குப் பிமென்டோ சீஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு நண்பர் வீட்டில், மகள் பள்ளிப் படிப்பை முடித்ததற்காக விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. மேசையில் மூன்று கிண்ணம் பிமென்டோ சீஸ் இருந்தது. மூன்றும் புதிதாகச் செய்யப் பழகியவர்கள் கொண்டு வந்தவை. ஒன்றில் ஓரமெல்லாம் சிவப்புத் தண்ணீர் கசிந்து நின்றது. ஒன்று கூழ் மாதிரி வழவழவென்று இருந்தது. மூன்றாவது இறுகிப்போய், கிராக்கரை (மொறுமொறுப்பான உப்பு பிஸ்கட்டை) உள்ளே விட்டால் கிராக்கர்தான் உடைந்தது. அந்த மூன்றையும் நானும் ஒரு காலத்தில் செய்து, விருந்தாளிகள் முன்னால் வைத்திருக்கிறேன். ஜார்ஜியாவில் குடியேறி 16 வருடம் ஆகிறது. பண்டிகை, பிறந்தநாள், கால்பந்து ஆட்டம் என்று மாதம் ஒரு தடவையாவது இதைச் செய்கிறேன். அதே தவறுகளை இன்னொருவர் முதலிலிருந்து செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பெயரே கேள்விப்படாதவர்களுக்கு: துருவிய செடார் சீஸ், மயோனைஸ், பொடியாக நறுக்கிய பிமென்டோ, இந்த மூன்றும்தான் அடிப்படை. பிமென்டோ என்பது இதய வடிவத்தில் இருக்கும் ஒரு சிவப்பு மிளகாய். காரம் இருக்காது, லேசான இனிப்பு இருக்கும். தோலுரித்து நறுக்கி, சின்னக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்பார்கள். கலந்ததை கிராக்கரில் தடவலாம், செலரித் தண்டில் வைக்கலாம், வெள்ளை ரொட்டிக்கு நடுவே வைத்து சாண்ட்விச் ஆக்கலாம். அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஒன்றரை டாலருக்குப் பச்சை உறையில் விற்கும் சாண்ட்விச்சுக்குள் இருப்பதும் இதுதான். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இது இல்லாத விருந்து மேசையைப் பார்ப்பது அபூர்வம்.

காலாவதியான சீஸ், கழுவாத கரண்டி பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

துருவியே வரும் பாக்கெட் சீஸ்

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் 40 பேருக்கு விருந்து. நேரம் மிச்சமாகும் என்று துருவிய செடார் பாக்கெட்டுகளாக வாங்கி வந்தேன். இரவு கலக்கும்போது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தால் கல் மாதிரி இறுகியிருந்தது. ஒரு கரண்டி மயோனைஸ் விட்டுக் கலக்கினேன். கொஞ்சம் இளகிற்று. அரை மணி நேரத்தில் மறுபடியும் இறுகியது. இன்னும் இரண்டு கரண்டி விட்டேன். இப்படியே விட்டு விட்டு, கடைசியில் வாயில் வைத்தால் முதலில் மயோனைஸ் எண்ணெய், அப்புறம் மாவு மாதிரி ஒரு நெருடல், சீஸ் ருசி எங்கேயோ தூரத்தில். பக்கத்து வீட்டு அம்மா உதவிக்கு வந்திருந்தார். ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இதை நீயா துருவினாய்?” நான் பாக்கெட்டைக் காட்டினேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போய்த் துருவியை எடுத்து வந்தார். நான் கடைக்கு ஓடினேன். முதலில் செய்த அத்தனையும் குப்பைக்குப் போனது. அவ்வளவு சீஸைக் கொட்டியது இன்றும் மனதை உறுத்துகிறது.

ஏன் அப்படி ஆகிறது என்று அப்புறம்தான் புரிந்துகொண்டேன். துருவிய சீஸ் பாக்கெட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடக் கூடாது என்பதற்காக, அதன் மேல் உருளைக்கிழங்கு மாவு அல்லது செல்லுலோஸ் தூள் தூவுகிறார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க நட்டமைசின் என்ற பொருளையும் பல பாக்கெட்டுகளில் சேர்க்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் இதெல்லாம் எழுதியிருக்கும். உடம்புக்குக் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. பீட்சா மேல் தூவ அது போதும். ஆனால் பிமென்டோ சீஸ் நிற்பதே துருவல்கள் ஒட்டுவதில்தான். கட்டியிலிருந்து அப்போதே துருவிய சீஸின் மேற்பரப்பு ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கும். மயோனைஸ் அதைப் பற்றிக்கொள்ளும், துருவலும் துருவலும் சேர்ந்துகொள்ளும். ஒட்டாமல் இருப்பதற்கென்றே மாவு பூசி வைத்த சீஸை வாங்கி வந்து ஒட்டு என்றால் அது எப்படி ஒட்டும்? அந்த மாவு மயோனைஸில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகுவது அதனால்தான். மேலும் மேலும் மயோனைஸ் விட்டால் எண்ணெய்தான் கூடும்.

ஒரு பழைய கதையும் இதில் இருக்கிறது. பிமென்டோ சீஸ் முதலில் தெற்கில் பிறந்தது இல்லை. வடக்கே நியூயார்க் பக்கம் தயாரான கிரீம் சீஸும் ஸ்பெயினிலிருந்து டின்னில் வந்த பிமென்டோவும் சேர்ந்துதான் அது தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் கிரிஃபின் பக்கத்து விவசாயிகள் பிமென்டோவைப் பயிரிடத் தொடங்கினார்கள். அங்கேயே அதைப் பதப்படுத்தி அடைக்கும் ஆலைகளும் வந்தன. பாட்டில் மலிவாகக் கிடைத்ததும், தெற்கத்தி வீடுகளில் மளிகைக்கடைச் சீஸ் கட்டியை வாங்கி வந்து வீட்டிலேயே துருவி, மயோனைஸ் சேர்த்துப் பிசைந்தார்கள். இன்றைக்கு நாம் சாப்பிடுவது அப்படிப் பிறந்ததுதான். வீட்டுத் துருவியில்தான் அதன் உயிர் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

“எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்” என்று சமையல் குறிப்பில் எழுதுகிறவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். புதிதாகச் செய்கிறவர் அதை நம்பிப் பணம் போட்டு வாங்குகிறார். சரியாக வராதபோது தன் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று நினைத்து, அடுத்த விருந்துக்குக் கடையில் விற்கும் டப்பாவை வாங்கிவிடுகிறார். கால் கிலோ கட்டியைத் துருவ ஐந்து நிமிடம் ஆகும். கை வலித்தால் வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

துருவுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சீஸ் கட்டியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும், சில்லென்று இருக்கும்போதே துருவ வேண்டும்; இளகினால் துருவியில் அப்பிக்கொள்ளும். பாதியைப் பெரிய கண்ணில் துருவுங்கள், மீதியைச் சின்னக் கண்ணில் துருவுங்கள். சன்னமான துருவல் மயோனைஸோடு கரைந்து பசையாகும், தடித்த துருவல் கடிக்கக் கிடைக்கும். துருவி முடித்ததும் அரை மணி நேரம் வெளியே வையுங்கள், அப்புறம் கலக்குங்கள்.

முழுக்க முற்றிய செடார்

ருசி அதிகம் என்று சிலர் மிகவும் முற்றிய செடாரை மட்டும் வாங்குகிறார்கள். நீண்ட நாள் முதிர்ந்த சீஸ் வறண்டு உதிரும், தனியாகப் பிணையாது. அதில் இரண்டு பங்குக்கு இளசான செடார் ஒரு பங்கு சேருங்கள். ஆரஞ்சு நிறமா வெள்ளையா என்பதில் ருசி வித்தியாசம் இல்லை; ஆரஞ்சு என்பது அன்னட்டோ விதையின் சாயம்.

பிமென்டோவை வடிக்காமல் கொட்டுவது

அந்தச் சிவப்புத் தண்ணீருக்குக் காரணம் இதுதான். பாட்டிலைச் சல்லடையில் கவிழ்த்தால் மட்டும் போதாது. பத்து நிமிடம் வடியவிட்டு, காகிதத் துண்டில் பரப்பி ஒற்றி எடுங்கள். 113 கிராம் பாட்டிலிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை ஒரு தடவை கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தால் அப்புறம் மறக்க மாட்டீர்கள். பெரிய துண்டுகளாக இருந்தால் கத்தியால் இன்னும் கொஞ்சம் நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் சிவப்பாகக் குவிந்து கிடக்காமல் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் வர வேண்டும்.

மிக்ஸி

கூழாகும். கரண்டியால் கலக்குங்கள்.

மயோனைஸை ஒரேயடியாக விடுவது, இனிப்பு மயோனைஸ் வாங்குவது

என் அளவு இது: செடார் 450 கிராம், கிரீம் சீஸ் 115 கிராம், மயோனைஸ் அரை கப், 113 கிராம் பாட்டில் பிமென்டோ ஒன்று. வேறு பதார்த்தங்களும் இருக்கும் விருந்தில் 12 பேருக்கு வரும். கிரீம் சீஸ் வேண்டாம் என்பவர்களும் உண்டு. எனக்கு அது கிராக்கரில் நிற்க உதவுகிறது. ஆனால் அதை நன்றாக இளகவிட்டு முதலில் தனியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். சில்லென்று போட்டால் வெள்ளைக் கட்டிகளாகவே நிற்கும். மயோனைஸைப் பாதி விட்டுக் கலக்கிவிட்டு, மீதியைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள்.

தெற்கத்திக்காரர்கள் டியூக்ஸ் மயோனைஸ்தான் என்று சத்தியம் செய்வார்கள். தென் கரோலினாவின் கிரீன்வில்லில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி, 1917இல் பக்கத்து ராணுவ முகாம் சிப்பாய்களுக்கு சாண்ட்விச் செய்து விற்றதிலிருந்து தொடங்கியது அது. அதில் சர்க்கரை கிடையாது, புளிப்பு தூக்கலாக இருக்கும். அது கிடைக்காத ஊரில் சர்க்கரை குறைவான வேறு மயோனைஸ் வாங்கி, அரை ஸ்பூன் வினிகர் விட்டுக்கொள்ளலாம். பிமென்டோவிலேயே இனிப்பு இருக்கிறது. மயோனைஸும் இனித்தால் சீஸின் புளிப்பு அமுங்கிப்போகும்.

சமைக்காத வெங்காயம், பூண்டு

நம் கை தானாக அங்கேதான் போகும், எனக்குத் தெரியும். செய்த உடனே சாப்பிட்டால் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் கிண்ணத்தைத் திறந்தால் ஃப்ரிட்ஜ் முழுக்க வெங்காய வாடை. வெங்காயம் வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் சாறு மட்டும் பிழிந்து விடுங்கள், இல்லாவிட்டால் வெங்காயப் பொடி கால் ஸ்பூன் போதும். காரத்துக்கு மிளகாய்ப்பொடி ஒரு சிட்டிகை, அல்லது விதை நீக்கிய ஹாலபீன்யோ (ஒரு வகைப் பச்சை மிளகாய்). ஹாலபீன்யோ போடுவதை இங்கேயே பலர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கலக்கும்போதே உப்பு

சீஸில் உப்பு, மயோனைஸில் உப்பு, கிராக்கரில் உப்பு. நீங்கள் போட வேண்டாம்.

சைவக்காரர்களுக்குச் சொல்லாமல் விடுவது

இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பல குறிப்புகளில் வூஸ்டர்ஷையர் சாஸ் சில சொட்டு சேர்க்கச் சொல்வார்கள். வழக்கமான வூஸ்டர்ஷையர் சாஸில் நெத்திலி மீன் வகையான ஆன்சோவி இருக்கிறது. மீன் இல்லாமல் செய்ததும் கடைகளில் கிடைக்கும், பாட்டிலைப் படித்து வாங்க வேண்டும். மயோனைஸில் முட்டை. சீஸை உறைய வைக்கும் ரென்னெட் சில வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது; நுண்ணுயிரிலிருந்தோ தாவரத்திலிருந்தோ எடுத்த ரென்னெட் என்று உறையில் போட்டிருக்கும் சீஸும் தாராளமாகக் கிடைக்கிறது. பார்த்தால் வெறும் பாலாடைக்கட்டி மாதிரி இருப்பதால் நம்மவர்கள் கேட்காமலேயே எடுத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். ஒரு தடவை என் விருந்தில் ஒரு பெரியவர் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார், எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து கிண்ணத்தின் பக்கத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

செய்த உடனே பரிமாறுவது

குறைந்தது இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊற வேண்டும், முந்தின நாள் இரவே செய்தால் இன்னும் நல்லது. பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்னால் வெளியே எடுத்து ருசி பாருங்கள். வெறும் ஸ்பூனில் எடுக்காமல், எதோடு கொடுக்கப்போகிறீர்களோ அந்தக் கிராக்கரோடு சேர்த்துப் பாருங்கள். காரம் போதவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

சூடாக்குவது

வேண்டாம். எண்ணெய் பிரிந்துவிடும்.

நாள் முழுக்க மேசையில் விடுவது

அறைக்குள் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. தோட்டத்து விருந்தில், வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம். ஜூலை மாத ஜார்ஜியாவில் அது பல நாள் தாண்டும். பெரிய கிண்ணம் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து, ஒன்றை மேசையில் ஐஸ் தட்டின் மேல் வைத்துவிட்டு மற்றதை ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள். காலியானதும் மாற்றலாம். வெளியே கிடந்து மிஞ்சியதை மறுபடியும் ஃப்ரிட்ஜுக்குள் வைக்காதீர்கள்.

மீந்ததை ஃப்ரீசரில் போடுவது

மயோனைஸ் உடைந்து, தண்ணீர் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கமாக நிற்கும். மேசைக்கு வராமல் ஃப்ரிட்ஜிலேயே இருந்த கிண்ணம் நாலு நாள் தாங்கும். அதை மறுநாள் காலை சூடாக டோஸ்ட் செய்த ரொட்டியின் மேல் தடவி, கூட ஒரு வில்லை தக்காளி வைத்துச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் அதற்காகவே ஒரு கிண்ணம் கூடுதலாகச் செய்கிறோம்.