மறைநூல்களும் ஒருபாலுறவும்: மொழிபெயர்ப்பை வைத்து வாதிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில், அதாவது மொழிபெயர்ப்பில், அப்போஸ்தலர் பவுல் எழுதிய நிருபமான 1 கொரிந்தியரின் 6:9ஐப் படிப்பவர், தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் வரிசையில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று இரு சொற்கள் அடுத்தடுத்து நிற்பதைக் காண்பார். முதல் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பது 'மலாகோய்'. 'மென்மையானவர்கள்' என்பது அதன் நேர்ப்பொருள். அதே அடிச்சொல் மத்தேயு 11:8இல் வரும்போது அதே திருப்புதல் அதை "மெல்லிய வஸ்திரம்" என்று தருகிறது. துணியைக் குறித்தால் மென்மை, ஆளைக் குறித்தால் சுயபுணர்ச்சி! 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதலான ஜேம்ஸ் அரசர் பதிப்போ அங்கே 'பெண்தன்மை கொண்டோர்' என்ற பொருளுடைய சொல்லை இட்டது. தமிழ்ச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, பவுல் இன்னதைத்தான் கண்டித்தார் என்று பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சின் பாதி பவுலைப் பற்றியதாக இருக்காது, மொழிபெயர்ப்பாளரைப் பற்றியதாகவே இருக்கும். கையில் இருக்கும் திருப்புதலையே மூலமென்று எண்ணுவது முதல் தவறு. பலரும் செய்வதால் அது தவறாகவே தோன்றுவதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு அண்மைக்காலத்தில் பெருகியிருக்கிறது. 1946இல் அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு, மலாகோய், அதை அடுத்து நிற்கும் அர்செனோகோய்தாய் (தமிழில் 'ஆண்புணர்ச்சிக்காரர்') என்னும் இரு கிரேக்கச் சொற்களையும் ஒன்றாக்கி 'ஹோமோசெக்சுவல்' என்ற ஒரே சொல்லால் பெயர்த்தது. 1971ஆம் ஆண்டுப் பதிப்பு அதை நீக்கி, 'பாலியல் நெறி பிறழ்ந்தோர்' என்ற பொருளில் மாற்றியது. இது உண்மை. ஆனால் இதிலிருந்து, "1946க்கு முன்பு திருச்சபைக்கு இப்படியொரு கண்டனமே தெரியாது" என்ற முடிவுக்குத் தாவுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பல நூற்றாண்டுகள் மேற்குலகத் திருச்சபை படித்த இலத்தீன் திருப்புதலில் அந்த இடத்தில் 'ஆண்களோடு படுப்போர்' என்ற பொருளுடைய தொடரே இருந்தது. கண்டனமும் அதை ஒட்டியே நிலவியது. 1946இல் புதிதாக நுழைந்தது வேறொன்று. 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே 1860களின் இறுதியில் கார்ல் மரியா கெர்ட்பெனி என்பவர் ஜெர்மன் மொழியில் உருவாக்கியது. 1869இல் அவர் பிரஷ்யாவின் குற்றச் சட்டத்தை எதிர்த்து எழுதிய துண்டுநூல்களில் அது அச்சேறியது. ஒரு செயலைக் குறித்த பழைய சொல்லின் இடத்தில், ஒருவரின் இயல்பையே குறிக்கும் புதிய சொல் வந்து அமர்ந்தது. செயலில் ஈடுபடாதவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிட்டார். மாற்றத்தின் கனம் அங்கேதான் இருக்கிறது.

திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் ஜெர்மன் திருப்புதலைச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. அர்செனோகோய்தாய் என்பதை அவர் 'சிறுவரைக் கெடுப்போர்' என்னும் பொருளில் பெயர்த்தது மெய்யே. ஆனால் அதுவும் ஒரு திருப்புதல்தான். நமக்கு ஒவ்வாத திருப்புதலைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு, ஒத்துவரும் திருப்புதலை மட்டும் மூலத்தின் இடத்தில் உட்கார வைப்பது நேர்மையான வாசிப்பாகாது.

அந்தச் சொல்லைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 'அர்சென்' என்றால் ஆண். 'கோய்த்தே' என்றால் படுக்கை. பவுலுக்கு முன்னர் எழுதப்பட்ட கிரேக்க நூல்களில் இந்தக் கூட்டுச்சொல் கிடைக்கவில்லை. 1980இல் வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்வெல், இது ஆண் விலைமாதரைக் குறிப்பது என்று வாதிட்டார். 1984இல் ஆய்வாளர் டேவிட் ரைட் அதை மறுத்து, எபிரெய வேதத்தின் கிரேக்கத் திருப்புதலில் லேவியராகமம் 20:13இல் இவ்விரு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைச் சுட்டினார். பவுலோ அவருக்கு முந்திய யூதர்களோ அங்கிருந்தே சொல்லை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1996இல் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் டேல் மார்ட்டின், சிபில்லின் வாக்குகள் எனப்படும் பழைய நூலில் இதன் வினைவடிவம் களவு, கூலி மறுப்பு போன்ற பொருள்சார் அநீதிகளோடு சேர்த்து எண்ணப்படுவதை எடுத்துக்காட்டி, சுரண்டலோடு பிணைந்த உறவை அது குறித்திருக்கலாம் என்றார். என் கணிப்பில், சொல்லின் பிறப்பைப் பற்றி ரைட் சொன்னதே வலுவானது. ஆனால் பிறப்பை வைத்தே பொருளை முடித்துவிட முடியாது. 'நாற்றம்' என்ற சொல்லின் பழம்பொருளை மட்டும் அறிந்தவர் இன்றைய தமிழரின் வீட்டில் அதைப் பாராட்டாகச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும்.

'சுபாவம்' என்ற சொல்லிலும் இதே கவனம் வேண்டும். ரோமர் 1:26 "சுபாவத்துக்கு விரோதமான" என்கிறது. அதே நிருபத்தின் 11:24இல், காட்டொலிவக் கிளை நல்ல ஒலிவ மரத்தில் "சுபாவத்திற்கு விரோதமாய்" ஒட்டவைக்கப்பட்டதாகப் பவுல் எழுதுகிறார். அங்கே அது பிற இனத்தாரைச் சேர்த்துக்கொள்ளும் தேவனின் செயல். ஆண் நீளமாக முடி வளர்ப்பது கனவீனம் என்று சுபாவமே போதிப்பதாகவும் 1 கொரிந்தியர் 11:14 கூறுகிறது. எனவே இந்தச் சொல்லை உயிரியல் விதியாக வாசிப்பது அவசரம். அதற்காக ரோமர் முதல் அதிகாரத்தில் கண்டனமே இல்லை என்பதும் பொருந்தாது. அங்கே பேச்சின் தொனி கடுமையானதே.

காலச்சூழலைச் சொல்லும்போது, "அக்காலத்தில் சிறுவரையும் அடிமைகளையும் சீரழிக்கும் உறவுகள் மட்டுமே இருந்தன, ஆகவே பவுலுக்கு மனமொத்த உறவு தெரியவே தெரியாது" என்று சிலர் எழுதுகிறார்கள். ரோமச் சமூகத்தில் குடிமகன் அடிமையின் உடலை விருப்பம்போல் பயன்படுத்தியதும், யார் மேலோர், யார் கீழோர் என்பதே உறவின் மானத்தை நிர்ணயித்ததும் உண்மை. ஆனால் 'மட்டுமே' என்ற சொல் சான்றுகளைத் தாண்டிப் போகிறது. பவுலுக்கு முந்திய கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் 'விருந்து' என்னும் உரையாடலில், தொடக்கத்தில் ஒன்றாயிருந்து பிளவுண்ட பாதிகள் தம் மறுபாதியைத் தேடும் கதையை அரிஸ்டோபனீஸ் சொல்லும்போது, வாழ்நாள் முழுதும் பிரியாத ஆண் இணைகளும் அதில் வருகிறார்கள். பெண்ணை நாடும் பெண்களும் வருகிறார்கள்.

ஆதியாகமத்தில் அழிக்கப்பட்ட ஊரான சோதோமின் கதையைத் தனியே எடுத்துப் பேசுவது இன்னொரு வழுக்குமிடம். எசேக்கியேல் 16:49 அவ்வூரின் அக்கிரமமாகக் கர்வத்தையும் உணவுத் திரட்சியையும் எளியவருக்குக் கை கொடுக்காமையையும் சொல்கிறது. முதல் நூற்றாண்டின் யூத அறிஞர் ஃபைலோவோ ஆண்கள் ஆண்களைக் கூடியதைச் சொல்கிறார். 11ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவி பீட்டர் டாமியன் எழுதிய காலத்தில் ஊர்ப்பெயர் குற்றப்பெயராகவே ஆகியிருந்தது. ஆதியாகமத்தில் ஊரார் திரண்டு விருந்தினர் மீது வன்முறைக்கு முயன்றதைப் படிப்பவர், இந்த மூன்று அடுக்குகளில் எதன் வழியே தாம் படிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இஸ்லாமியச் சட்டநூல்கள் ஆண்களுக்கிடையிலான உறவுக்குப் பயன்படுத்தும் 'லிவாத்' என்ற சொல், சோதோமின் கதையில் வரும் லூத் நபியின் பெயரிலிருந்து பின்னர் உருவானது. குர்ஆனில் அச்சொல் இல்லை. அதனால் அங்கே கண்டிப்பும் இல்லை என்று வாதிடுவது எடுபடாது, ஏனெனில் 7:81 பெண்களை விட்டு ஆண்களிடம் இச்சையோடு செல்வதை வெளிப்படையாகச் சொல்கிறது; 29:29 அதோடு வழிமறித்தலையும் சேர்க்கிறது. லூத் வரலாறு வருமிடங்களில் இறைவனின் அழிவு சொல்லப்படுகிறதே அன்றி நீதிமன்றத் தண்டனை வரையறுக்கப்படவில்லை. அதனால்தான் தண்டனையில் சட்ட அறிஞர்கள் பிரிந்தார்கள். விபசாரத்துக்குரிய நிலையான தண்டனை இதற்குப் பொருந்தாது, நீதிபதியின் முடிவுக்கு விட வேண்டியது என்றார் இமாம் அபூ ஹனீஃபா.

இந்திய மரபுகளைப் பேசுவோர் பெரும்பாலும் காமசூத்திரத்தைக் கொண்டுவருகிறார்கள். அதில் 'த்ருதீயா ப்ரக்ருதி', அதாவது மூன்றாம் இயல்பு, பெண்வடிவினர், ஆண்வடிவினர் என இருவகைப்படுகிறது. 1883இல் வெளியான பர்ட்டனின் ஆங்கிலப் பதிப்பு இவர்களை 'விதையடிக்கப்பட்டவர்கள்' என்ற பொருளுடைய சொல்லால் பெயர்த்தது. ஆண்தோற்றத்தோடு ஆணை நாடியவர் அந்த ஒரு சொல்லில் காணாமற்போனார். ஆனால் காமசூத்திரத்தைக் காட்டி மரபு முழுவதும் ஏற்றுக்கொண்டது என்று சொல்லிவிட முடியாது. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம் ஆணோடு கூடிய இருபிறப்பாளன் ஆடையோடு நீராட வேண்டும் என்று கழுவாய் விதிக்கிறது. கழுவாய் சிறிது என்பதையும், கழுவாய் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நம்பிக்கையாளர், "சொல்லின் பொருள் இன்னதென்று தெரிந்தாலும், அது இன்று என்னைக் கட்டுப்படுத்துமா?" என்று கேட்டால், அகராதி அதற்கு விடை சொல்லாது. 'அருவருப்பு' என்று லேவியராகமம் 18:22இல் வரும் எபிரெயச் சொல்லே, எபிரெயரோடு உண்பது எகிப்தியருக்கு அருவருப்பு என்னும் ஆதியாகமம் 43:32இலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே எடையில் வைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மரபு தன் நூல்களுக்குத் தரும் அதிகாரத்தைப் பொறுத்தது. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது அதற்கு முந்தைய வேலை. 1946ஆம் ஆண்டுத் திருப்புதலின் வழிவந்த 2021ஆம் ஆண்டுப் பதிப்பு, 1 கொரிந்தியர் 6:9இல் கிரேக்கச் சொல்லின் பொருள் உறுதியற்றது என்று அடிக்குறிப்பு இட்டிருக்கிறது.