கிளினிக் கொப்பியை லெமினேட் பண்ணாதீர்கள்

திருகோணமலையில் அநேகமான வீடுகளில் ஒரு பை இருக்கும். 2004 டிசம்பர் 26 கடல் ஏறி வந்த நாளும், 2006இல் யுத்தத்தில் மூதூர், சம்பூர்ப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு ஓடிய நாள்களும் பழக்கிவிட்ட பை அது. பிறப்புப் பத்திரம், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் கிடக்கும். பிள்ளையின் கிளினிக் கொப்பி மட்டும் அங்கே இராது. அலுமாரிக்கு மேலே, தையல் மெசின் லாச்சியில், இல்லாவிட்டால் கடைசியாகக் கிளினிக்குக் கொண்டுபோன ஹேண்ட்பாக்கில் இருக்கும். பிள்ளை பிறந்ததும் தரும், போடும் ஊசிகளைப் பதியும் அந்தப் புத்தகத்தின் அட்டையில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் அது கிளினிக் கொப்பிதான்.

கொப்பியைக் கவனமில்லாமல் வைத்துத் தொலைப்பவர்கள் ஒரு பக்கம். அளவுக்கு மிஞ்சிய கவனத்தால் கெடுப்பவர்கள் இன்னொரு பக்கம். என் அக்கா இரண்டாவது வகை. மகனுக்கு இரண்டு வயதானபோது, மாரி மழையில் ஊறிவிடும் என்று பயந்து, ஊசிப் பக்கத்தை லெமினேட் பண்ணிக்கொண்டு வந்தாள். மூன்று வயது எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசிக்குப் போனால் எழுத இடமில்லை, பேனை வழுக்குகிறது. துண்டுக் கடதாசியில் திகதி எழுதி ஸ்டேப்பிள் அடித்துக் கொடுத்தார்கள். துண்டு எப்போது கழன்றது என்று யாருக்கும் தெரியாது. கனடாவுக்குப் போக ஆயத்தமானபோதுதான் தேடினோம். கடைசியில் எங்கள் பகுதிக் குடும்பநல மாது, மிட்வைஃப் மிஸ், தன் பதிவேட்டைப் புரட்டி அந்தத் திகதியை எடுத்துத் தந்தார். ஒரு ஸிப் பொலித்தீன் உறை போதும். எழுதும் இடம் திறந்தே இருக்கட்டும்.

அந்த ஒரு திகதிக்கு ஏன் அவ்வளவு அலைந்தோம்? இங்கே முதல் எம்.எம்.ஆர் 9 மாதத்தில், இரண்டாவது 3 வயதில். கனடாவில் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்ட சின்னமுத்து ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே 9 மாத ஊசி அங்கே விழுந்துவிடும். 3 வயதில் போட்டதற்கும் திகதி இல்லையென்றால் பிள்ளை ஊசியே போடாதவன் மாதிரி. ஒன்ராறியோவில் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் ஊசி விபரத்தைப் பெற்றோர்தான் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். 2010இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களிடம் கொப்புளிப்பான் ஊசியையும் கேட்கிறார்கள். அது நம்முடைய தேசிய அட்டவணையில் இல்லை. காசு கொடுத்துத் தனியாரிடம் போடுவது. அங்கே போகும்போது கொப்பியை வீட்டில் விட்டுப் போவதுதான் வழக்கம்! பில்லும் ஸ்டிக்கரும் மருந்துச் சிட்டையோடு போய்விடும். எந்த ஊசிக்குப் போனாலும் கொப்பி கூடவே போக வேண்டும். திகதியும் பட்ச் இலக்கமும் அதிலேயே எழுதுவிக்க வேண்டும்.

திகதியில் இன்னொரு சிக்கல். நாங்கள் 05.04 என்று எழுதினால் ஏப்ரல் 5. வட அமெரிக்காவில் அதை மே 4 என்று வாசிப்பவர்களும் உண்டு. வெளிநாட்டுப் படிவம் நிரப்பும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். அதற்காகக் கொப்பியில் கை வைக்க வேண்டாம். மங்கின எழுத்தின் மேல் பேனையால் ஓட்டுவது, வெற்றுக் கட்டத்தை ஞாபகத்தில் நிரப்புவது, வைட்னர் பூசுவது எதுவும் கூடாது. பிழை இருந்தால் கிளினிக்கில் சொல்லித் திருத்தி, கையொப்பம் வாங்குங்கள். நல்ல மனதோடு தாய் எழுதிய ஒரு திகதி போதும், பக்கம் முழுவதையும் சந்தேகப்பட வைக்க.

பகிர்வது பற்றி. லண்டனில் இருக்கும் சித்தி கேட்டார் என்று முழுக் கொப்பியையும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் பெயர், விலாசம் எல்லாம் அதில் இருக்கிறது. நாற்பது பேர் இருக்கும் குழுவுக்கு அது எதற்கு? கேட்டவருக்குத் தனியாக அனுப்பினால் போதும். இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கும்: ஊசிப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புவது. பெயரில்லாத அந்தப் படம் அண்ணனுடையதா தங்கச்சியுடையதா என்று ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது. பெயர்ப் பக்கமும் ஊசிப் பக்கமும் சேர்ந்து ஒரே பி.டி.எஃப் ஆக இருக்கட்டும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் புதிதாக எடுங்கள். பழைய படத்தில் புதிய ஊசி இராது.

எனக்கு எரிச்சல் வருவது ஐந்து வயதோடு கொப்பியை மூடிவைக்கும் பழக்கத்தில்தான். முதலாம் தரத்தில் சேர்க்கும்போது காட்டுவோம், பிறகு மறந்துவிடுவோம். ஆனால் தரம் 6இல் பெண் பிள்ளைகளுக்கு கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பி.வி ஊசி உண்டு. 2017இல் இருந்து போடுகிறார்கள். தரம் 7இல் ஆண், பெண் எல்லோருக்கும் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. இரண்டும் பாடசாலையில் போடுவது. பிள்ளை வந்து "இண்டைக்கு ஊசி போட்டாங்கம்மா, நோகுது" என்று சொல்லும், நாங்கள் பனடோல் கொடுப்போம், கதை முடிந்தது. ஊசி போடும் நாள் தெரிந்ததும் கொப்பியைப் புத்தகப் பையில் வைத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததா என்று அன்றைக்கே பாருங்கள், தண்ணீர்ப் போத்தலோடு சேர்ந்து ஊறிய கொப்பிகளைக் கண்டிருக்கிறேன்.

வீடு மாறினால், கிண்ணியாவில் இருந்து உப்புவெளிக்கு என்றாலும், பழைய மிட்வைஃபுக்கும் புதியவருக்கும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை இரண்டு பேரின் பட்டியலிலும் இல்லாமல் போகும். கொப்பியே தொலைந்துவிட்டால் ஏச்சுக்குப் பயந்து கிளினிக்கைத் தவிர்க்காதீர்கள். மிட்வைஃபிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பதிவு இருக்கும். பிறந்த திகதியும் அப்போதைய விலாசமும் கொண்டு போனால் தேடுவது இலகு. எங்கும் கிடைக்காத ஊசியைத் திரும்பப் போடச் சொன்னால் பதற வேண்டாம். பொதுவாக ஒரு ஊசி மேலதிகமாகப் போவதைவிட, விடுபட்டுப் போவதுதான் ஆபத்து. விடுபட்டதற்காக எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்குவதும் இல்லை, விட்ட இடத்தில் இருந்து தொடர்வார்கள்.

பிறந்தவுடன் வைத்தியசாலையிலேயே போடும், காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி ஊசியின் தழும்பு இடது புயத்தில் இருக்கும். ஆறு மாதத்தில் அதைப் பார்த்துக் கொப்பியில் குறிப்பார்கள். தழும்பு இல்லையென்றால் ஐந்து வயதுக்குள் இன்னொரு முறை போட வேண்டும். உங்கள் கொப்பியில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் பிள்ளையின் சட்டைக் கையை உயர்த்திக் காட்டிக் கேளுங்கள்.