பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்கு இரண்டாவதாக ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை பக்கம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் புது லேப்டாப் ஒன்று வாங்கிவிட்டு, விண்டோஸ் 11 ஏறாத பழையதைப் பிள்ளைகள் படிக்கவும் பில் போடவும் ஒதுக்குகிறார்கள். நல்ல முடிவு. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டால் அது இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக உழைக்கும். ஆனால் முதல்முறை கைவைப்பவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தூசி தட்டாதது, வயரை மாற்றிச் செருகுவது எல்லாம் சொல்லாமலே புரியும், விட்டுவிடுகிறேன்.

டி டிரைவை நம்பி ஃபார்மட் அடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் நம் சாமான், சி போனாலும் டி போகாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். விண்டோஸையே மறுபடி சி-யில் மட்டும் ஏற்றும்வரை அது சரிதான். ஆனால் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி, இ எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க், ஒரே வயலில் போட்ட வரப்புகள். லினக்ஸ் நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற தேர்வை அமுக்கினால் வரப்போடு சேர்த்து எல்லாம் போய்விடும்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி வீட்டில் இது நடந்தது. கல்லூரியில் படிக்கும் அவர் மகன் தானே லினக்ஸ் ஏற்றுவதாகப் போனில் சொன்னான். எல்லாம் காப்பி எடுத்தாயா என்று கேட்டேன். "டி டிரைவிலதான் கிடக்கு அண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றான். சாயங்காலம் மறுபடி போன், பேச்சே வரவில்லை. அப்பாவின் டாலி கணக்கு, அக்கா கல்யாணப் படங்கள், பாட்டி இருந்த காலத்து வீடியோ எல்லாம் போயிருந்தன. உடனே அணைக்கச் சொன்னேன், ஏனென்றால் மேலே மேலே எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் பழையதை நிரந்தரமாக அழிக்கும். அப்புறம் அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டியதில் படங்கள் கொஞ்சம் திரும்பின, ஆனால் கோப்புப் பெயர் இல்லாமல், பிரவுசர் சேர்த்துவைத்திருந்த விளம்பரப் படங்களோடு கலந்து. டாலி கணக்கு உருப்படியாக வரவில்லை. ஆடிட்டரிடம் இருந்த பழைய பிரதியை வாங்கி, மீதியைப் பில் புத்தகம் பார்த்து அண்ணாச்சி மறுபடி ஏற்றினார். அது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதால் இவ்வளவாவது கிடைத்தது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், பெரும்பாலும் ஒன்றுமே தேறாது.

காப்பி எடுத்தேன் என்பவர்களிலும் பலர் டெஸ்க்டாப்பில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டிருப்பார்கள். வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, படம் திறக்கிறதா என்று பார்த்தால்தான் அது காப்பி.

இவ்வளவு தலைவலியே வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி, அலமாரியில் வையுங்கள். 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதில் லினக்ஸ் ஏற்றுங்கள். மாட்டாத டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. பழைய மெஷின் ஆமை வேகத்தில் ஓடியதற்கும் பெரும்பாலும் அந்தச் சுழலும் டிஸ்க்தான் காரணம், ஆகவே அந்தக் காசு வீண் போகாது.

ரேமைக் குத்துமதிப்பாக வாங்குவது

டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது, வெட்டு மாறியிருக்கும். இருக்கும் ரேமைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

பென்டியம் 4

இந்த மிகப் பழைய பிராசசர் உள்ள கம்ப்யூட்டர் என்றால் விட்டுவிடுங்கள்.

லைவ் பென்டிரைவில் பார்க்காமல் நிறுவுவது

நிறுவாமலே பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது, அது வேண்டுமென்றால் புது லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது என்று அவசரப்பட்டு ஆக்கர்க்காரரிடம் (பழைய சாமான் வாங்குபவரிடம்) கொடுப்பது

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று ரேமின் பித்தளை நிறக் கால்களில் பாசிபோலப் படியும். ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வரும், திரை இருட்டாகவே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அந்தக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். தேதி அடிக்கடி பல வருடம் பின்னால் போய், எந்த இணையதளமும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுத்தால் அது வைரஸ் அல்ல, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வட்டமான அந்த 3 வோல்ட் பேட்டரியை மாற்றினால் போதும். இதற்காக லினக்ஸை அழித்து மறுபடி மறுபடி ஏற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஐப்பசி இடியில் பிளக்கை விட்டுவைப்பது

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அந்தச் செம்புக் கம்பி வழியாகவும் வந்து மதர்போர்டைக் கொல்லும். யுபிஎஸ் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது கரண்ட் போனால் தாங்குவதற்குத்தான். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் போட்டுச் செருகியிருந்தால், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரிசெய்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.